எட்ஜ்ரன்னர்ஸ் 2, புது கோஸ்ட் இன் த ஷெல், அகிரா: எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு வேண்டாம்?

#1 நியான்மழை

டீசருக்கு ஒரு இழை, போஸ்டருக்கு ஒரு இழை என்று பேச்சு சிதறிக் கிடக்கிறது. சைபர்பங்க் (உடம்பிலேயே இயந்திரம் பொருத்திய எதிர்கால நகரக் கதை) அனிமே சங்கதியை எல்லாம் இங்கேயே கொண்டுவந்து கொட்டுவோம். இப்போது பேச மூன்று இருக்கின்றன.

எட்ஜ்ரன்னர்ஸ் 2 (சைபர்பங்க் 2077 கேமின் உலகில் நடக்கும் தொடரின் இரண்டாம் பாகம்): 2025 ஜூலை அனிமே எக்ஸ்போ விழாவில் அறிவித்தார்கள். மறுபடியும் டிரிகர் ஸ்டுடியோ, மறுபடியும் 10 எபிசோடு, மறுபடியும் நெட்ஃபிளிக்ஸ். ஆனால் முதல் கதையின் தொடர்ச்சி கிடையாது, தனிக்கதை. இயக்கம் ஹிரோயுகி இமாயிஷி இல்லை, காய் இகராஷி. பாத்திர வடிவமைப்பும் யோ யோஷினாரியிடமிருந்து இச்சிகோ கன்னோவுக்குப் போயிருக்கிறது. ஷோரன்னர் (தொடரின் கதைப் பொறுப்பாளர்) பார்தோஷ் ஷ்டிபோர். இவர் முதல் தொடரின் கதையிலும் இருந்தவர்.

கோஸ்ட் இன் த ஷெல்: சயன்ஸ் சாரு ஸ்டுடியோவின் புதுத் தொடர். 2026 ஜூலை என்று அறிவிப்பு. இயக்கம் மோகோச்சான், எழுத்து டோ என்ஜோ, பாத்திர வடிவமைப்பு ஷூஹேய் ஹண்டா.

அகிரா: 2019 அனிமே எக்ஸ்போவில் கட்சுஹிரோ ஒட்டோமோவே மேடைக்கு வந்தார். சன்ரைஸ் ஸ்டுடியோ கையில் மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) முழுவதும் புதிதாக அனிமே ஆகும் என்று அன்று அறிவித்ததுதான். அதன்பின் ஓடுகிற காட்சி என்று ஒன்றும் கண்ணில் பட்டதில்லை.

என் கட்சி இதுதான்: பெயரைப் பார்த்துக் காத்திருப்பவன் ஏமாறுவான், ஸ்டாஃப் லிஸ்ட்டைப் பார்த்துக் காத்திருப்பவன் அவ்வளவாக ஏமாற மாட்டான். மறுப்பவர்கள் வரலாம். முடிவுகளைப் போட்டு உடைப்பவர்கள் மேலே ஒரு எச்சரிக்கை போட்டுவிடுங்கள்.

#2 சாண்டெவிஸ்தான் சாமி

(முதல் எட்ஜ்ரன்னர்ஸ் முடிவு பேசறேன். பார்க்காதவங்க தாண்டிப் போயிடுங்க.)

ரெண்டாம் பாகமே வேண்டாத வேலைங்கறது என் எண்ணம். டேவிட் போயாச்சு. ரெபெக்கா, மெயின், டோரியோ, பிலார், கிவி எல்லாரும் போயாச்சு. லூசி நிலாவுல போய் நிக்கறதோட கதவைச் சாத்தியாச்சு. அந்தப் பத்து எபிசோடு இவ்வளவு நாள் மனசுல நிக்குதுன்னா அது முடிஞ்சு போனதாலதான். மறுபடி அதே ஊரு, அதே கம்பெனி, புதுசா நாலு பசங்க, கடைசியில அவங்களும் சாகப் போறாங்கன்னு முதல் எபிசோடுலயே தெரிஞ்சுட்டா அப்புறம் என்ன இருக்கு?

கேம் கம்பெனிக்கு லாபம் இருக்கு, அது புரியுது. 2020 டிசம்பர்ல பக் மேல பக்கா வந்து பேரைக் கெடுத்துக்கிட்ட சைபர்பங்க் 2077-ஐ, 2022 செப்டம்பர்ல இந்தத் தொடர் வந்த கையோட தினம் 10 லட்சம் பேர் விளையாடறாங்கன்னு அந்தக் கம்பெனி சிடி புராஜெக்ட் ரெட்டே சொல்லிச்சு. அப்போ இது கதைக்காகவா, கடைக்காகவா?

#3 பிரேம்24

கடைக்காகத்தான், சந்தேகமே வேண்டாம் சாமி. முதல் தொடரும் கடைக்காக எடுத்ததுதான். கடைக்காக எடுத்ததை யார் கையில் கொடுத்தார்கள் என்பதில்தான் விஷயம்.

முதல் தொடரின் 6-ஆம் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். மெயின் சைபர்சைக்கோசிஸில் (உடம்பில் இயந்திரம் கூடிப் புத்தி கலங்குவது) சிதறுகிற எபிசோடு. அதைச் செய்தவர் இந்த இகராஷிதான். மெயினின் தலைக்குள் நடப்பதைக் காட்ட வழக்கமாக என்ன செய்வார்கள்? ஓரத்தை மங்கலாக்குவார்கள், நிறத்தை வெளுப்பார்கள், குரலுக்கு எதிரொலி கொடுப்பார்கள். இங்கே அந்த முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. ஒரு ஷாட்டில் கட்டிடத்துக்குள் துப்பாக்கிச் சூடு, அடுத்த ஷாட்டில் பட்டப்பகலில் பாலைவனச் சாலையில் ஓட்டம், மறுபடி உள்ளே. எது நிஜம் என்பது மெயினுக்குத் தெரியாத அதே நேரத்தில் நமக்கும் தெரிவதில்லை. கோடும் மாறுகிறது. முகத்தின் விளிம்பு தடித்து, நிழல் பெரிய கறுப்புத் திட்டாக விழுகிறது. யோஷினாரியின் வழவழப்பான வடிவமைப்பிலிருந்து அந்த எபிசோடு வேண்டுமென்றே விலகிப் போகிறது.

இவருடைய எஸ்எஸ்எஸ்எஸ் கிரிட்மேன் 9-ஆம் எபிசோடைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கை பழக்கம். அங்கேயும் கனவுதான், அங்கேயும் பொய்யான இடத்தைப் பொய் என்று முன்கூட்டிச் சொல்லாமலே காட்டியிருப்பார்.

இமாயிஷி வேறு ஜாதி. அவருடைய பலம் சாண்டெவிஸ்தான் (டேவிட்டின் உடம்பில் பொருத்திய, மின்னல் வேகம் தரும் கருவி) காட்சிகள். வேகத்தைக் காட்ட படத்தைக் கலைக்காமல், டேவிட்டின் உடம்பு கடந்து போகும் ஒவ்வொரு நிலையையும் ஒவ்வொரு நிறத்தில் திரையிலேயே விட்டுவிட்டுப் போவது. கண்ணுக்கு ஒரு பிரேமில் பத்து டேவிட். அதே வித்தையை இரண்டாம் பாகத்தில் எதிர்பார்க்காதீர்கள். இகராஷியிடம் தலைக்குள் நடக்கும் கலவரத்தை எதிர்பாருங்கள்.

#4 சாண்டெவிஸ்தான் சாமி

ஒரு எபிசோடு பிரமாதமா பண்ணினவர் பத்து எபிசோடும் தாங்குவாருங்கறதுக்கு என்ன உத்தரவாதம்? டி20-ல 30 பந்துல அம்பது அடிக்கறவனை டெஸ்ட் கேப்டனா போடற மாதிரி இருக்கு.

#5 பிரேம்24

உத்தரவாதம் கிடையாது. பயப்பட வேண்டிய இடமும் இதுதான், அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

டிவி எபிசோடு ஒன்று 21, 22 நிமிடம். அதில் ஏறக்குறைய 300 கட் (ஷாட்). பத்து எபிசோடுக்கு 3,000. ஒவ்வொரு கட்டும் ஸ்டோரிபோர்டு, லேஅவுட் (காட்சி அமைப்பு வரைவு), கீ அனிமேஷன் (அசைவின் முக்கியப் படங்கள்), திருத்தம், இடைப்படம், வண்ணம், கம்பாசிட் (எல்லாவற்றையும் அடுக்கி ஒன்றாக்குவது) என்று கைமாறும். ஒரு எபிசோடைச் செய்பவர் அதன் 300 கட்டையும் தானே உட்கார்ந்து தொட முடியும். தொடர் இயக்குநர் அப்படிச் செய்யப் போனால் இரண்டாவது எபிசோடிலேயே வண்டி நின்றுவிடும். அவருடைய வேலை மற்றவர்களுடைய ஸ்டோரிபோர்டைத் திருத்துவது, லேஅவுட்டில் கேமரா எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வது. அவர் வரையும் கோட்டை மற்றவர்கள் போட முடியாது, பார்வையை மட்டும்தான் கடத்த முடியும்.

இது எங்கே இடிக்கும் என்றால் லேஅவுட்டில்தான். லேஅவுட் தாமதமானால் கீ அனிமேட்டர் முரட்டு வரைவோடு நிறுத்திவிட்டு அடுத்த கட்டுக்கு ஓட வேண்டும். அதைச் சுத்தமாக்க 'இரண்டாம் கீ' என்று வெளியே அனுப்புவார்கள். அது பல கை பட்டுத் திரும்பி வரும்போது அனிமேஷன் டைரக்டருக்கு (வரைந்த படங்களைத் திருத்துபவர்) நேரம் இருக்காது, முகத்தை மட்டும் திருத்தி அனுப்பிவிடுவார். அசைவு அப்படியே போய்விடும். முகம் அழகாக இருக்கிறது, நடை மரக்கட்டையாக இருக்கிறது என்றால் நடந்தது இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை. எண்டிங் கிரெடிட்டில் நிறுத்துங்கள். அனிமேஷன் டைரக்டர் என்ற தலைப்புக்குக் கீழே எத்தனை பெயர் என்று மட்டும் எண்ணுங்கள். ஒன்று முதல் மூன்று வரை என்றால் வீடு ஒழுங்காக நடக்கிறது. ஏழு, எட்டு என்று நீண்டால் தீப்பிடித்து அணைத்திருக்கிறார்கள். இரண்டாம் கீ பட்டியல், கீ பட்டியலைவிட நீளமாக இருந்தாலும் அதே கதை. (பெரிய சண்டை எபிசோடில் ஆள் அதிகம் போடுவது உண்டு. அதற்குக் கொஞ்சம் சலுகை கொடுங்கள்.)

எட்ஜ்ரன்னர்ஸ் 2-இல் முதல் மூன்று எபிசோடின் இந்த எண்ணிக்கையை நான் இங்கே போடுகிறேன். அதற்குப் பிறகு சண்டை போடுவோம்.

#6 பழைய லேசர்டிஸ்க்

நியான்மழை சொன்ன 'பெயர் அதே, ஆள் வேறு' விஷயத்துக்குப் பழைய கணக்கு நிறைய உண்டு.

சைக்கோ-பாஸ்: முதல் தொடர் 2012-13இல் 22 எபிசோடு, புரொடக்ஷன் ஐ.ஜி., கதை கென் உரோபுச்சி. இரண்டாம் தொடர் 2014இல் 11 எபிசோடு, தட்சுனோகோ ஸ்டுடியோ, எழுத்துப் பொறுப்பு டோ உபுகாட்டா. தலைப்பும் துப்பாக்கியும் நாயகி அகானேவும் அப்படியே இருக்க, உள்ளே சமையல்காரர் மாறிவிட்டார். முதல் தொடரில் சிபில் அமைப்பு (ஒவ்வொருவர் மனத்தையும் அளந்து தீர்ப்பிடுவது) எப்படி இயங்குகிறது என்பதை 16, 17 எபிசோடு வரை இழுத்து வைத்திருந்து அவிழ்த்தார்கள். இரண்டாவதில் பாதி எண்ணிக்கைக்குள் அதைவிடப் பெரிய முடிச்சு ஒன்றைப் போட்டு, ரத்தத்தைக் கூட்டி, அவசரமாக அவிழ்த்தார்கள். உபுகாட்டா கெட்டிக்காரர்தான். 22 எபிசோடு கேட்கும் யோசனையை 11-இல் அடைத்தால் எந்தக் கெட்டிக்காரருக்கும் இதே கதிதான்.

அதே உபுகாட்டாதான் 2013இல் தொடங்கிய கோஸ்ட் இன் த ஷெல் அரைஸுக்கும் எழுதியவர். அங்கே ஒரு பாகத்துக்கு ஒரு மணி நேரம் போலக் கிடைத்தது, எழுத்தும் மூச்சு விட்டது.

பபுள்கம் கிரைசிஸ் இன்னும் பழைய பாடம். 1987இல் ஓவிஏவாக (நேராக வீடியோவில் வெளியாகும் அனிமே) தொடங்கியது. 13 பாகம் திட்டம், ஆர்ட்மிக், யூமெக்ஸ் நிறுவனங்களுக்குள் உரிமைத் தகராறு வந்து 1991இல் 8-ஓடு நின்றது. 1998இல் ஏஐசி ஸ்டுடியோ அதையே 26 எபிசோடு டோக்கியோ 2040 ஆக மறுபடி எடுத்தது. கதை ஒழுங்கு என்று பார்த்தால் 2040-தான் மேல். ஓவிஏவில் பாகத்துக்குப் பாகம் தொடர்பே தடுமாறும். ஆனால் எல்லாருக்கும் நினைவில் நிற்பது ஓவிஏவின் முதல் பத்து நிமிடம்தான்: மேடையில் நாயகிகளில் ஒருத்தியான பிரிஸ் பாட, அந்தப் பாட்டின் மேலேயே ஊரையும் பூமர் ரோபோவையும் வெட்டி வெட்டிக் காட்டுவது. ரீமேக்காரர்கள் ஓட்டையை அடைத்தார்கள், பாட்டை விட்டுவிட்டார்கள்.

#7 தச்சிக்கோமா ஒன்பது

கோஸ்ட் இன் த ஷெல் பக்கம் வருகிறேன். புதுத் தொடரைப் பற்றி இங்கே வரும் முதல் புகார் எப்போதும் 'இது மமோரு ஒஷீயின் மோட்டோகோ இல்லையே' என்பதுதான். (மோட்டோகோ கதாநாயகி, ஒஷீ 1995 படத்தை இயக்கியவர்.) டீசர் படத்தைப் பார்த்தாலே தெரியும், அவர்கள் போகும் இடம் 1989இல் தொடங்கிய மசமுனே ஷிரோவின் மங்கா. 1995 படம் கிடையாது.

இரண்டும் எவ்வளவு தூரம் என்று மங்கா படிக்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒஷீயின் மோட்டோகோ கண் சிமிட்டுவதே அபூர்வம். ஷிரோவின் மோட்டோகோ முகத்தைக் கோணுவாள், மேலதிகாரியைக் கிண்டலடிப்பாள், சக வீரன் பத்தூவோடு வம்பு வளர்ப்பாள். ஒரு பக்கத்தில் மூளை-இயந்திர இணைப்பு பற்றிக் கனமான பேச்சு, அடுத்த பக்கத்தில் ஃபுச்சிகோமாக்கள் (பேசும் குட்டி ரோபோ டாங்கிகள்) வேலைநிறுத்தம் பற்றிப் பேசும். பக்க ஓரங்களில் ஷிரோ தன் கையாலேயே குறிப்பு எழுதித் தள்ளியிருப்பார்: ஆயுதம், அரசியல், நரம்பியல், சில இடத்தில் 'இது எனக்கே சந்தேகம்தான்' என்கிற தொனியில். ஒஷீ இதிலிருந்து கைப்பாவைக்காரன் (மனித மூளைக்குள் புகும் மர்ம ஹேக்கர்) கதையை மட்டும் பிரித்தெடுத்து, நகைச்சுவையை மொத்தமாக வடிகட்டி, 80 நிமிடப் படமாக்கினார். ஃபுச்சிகோமாவுக்கு அதில் இடமே இல்லை.

ஆக, இதுவரை யாரும் மங்காவின் தொனியை நேராக எடுத்து ஒரு முழுத் தொடர் செய்ததில்லை. அதனால்தான் எனக்கு ஆர்வம். டோ என்ஜோ அகுதாகாவா பரிசு வாங்கிய எழுத்தாளர், 2021 காட்ஜில்லா சிங்குலர் பாயிண்ட் அவர் எழுத்து. அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மனுஷன் வசனத்தில் இயற்பியலை அள்ளிக் கொட்டிக்கொண்டே சிரிக்கவும் வைப்பார். ஓரக்குறிப்பு எழுதுகிற ஷிரோவுக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் அமைவது கஷ்டம்.

பயம் எங்கே? அந்த ஓரக்குறிப்புகளை என்ன செய்யப் போகிறார்கள்? படிக்கிறவன் நிறுத்திப் படித்துவிட்டு மேலே போகலாம். ஓடுகிற படத்தில் அது வசனமாக வந்தால் எல்லாரும் விரிவுரையாளர் ஆகிவிடுவார்கள். வெட்டினால் ஷிரோவின் பாதி போயிற்று. சிங்குலர் பாயிண்டிலும் கடைசி மூன்று எபிசோடில் இதே நெரிசல்தான்.

#8 புதுச்செருகி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எட்ஜ்ரன்னர்ஸ் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கோஸ்ட் இன் த ஷெல் எந்த வரிசையில் பார்ப்பது? 1995 படம், 2.0 என்று இரண்டு இருக்கிறதே, எது? புதுத் தொடருக்கு முன்னால் எல்லாவற்றையும் முடிக்க வேண்டுமா?

#9 தச்சிக்கோமா ஒன்பது

முடிக்க வேண்டியதில்லை. இவை ஒரே கதையின் பாகங்கள் கிடையாது, ஒரே பெயரில் ஓடும் தனித்தனித் தண்டவாளங்கள்.

ஒஷீ வழி: 1995 படம், பிறகு இன்னொசென்ஸ் (2004). இயக்குநர் கமியாமா வழி: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ் (2002, 26 எபிசோடு), செகண்ட் கிக் (2004, 26), சாலிட் ஸ்டேட் சொசைட்டி (2006), எஸ்ஏசி 2045 (2020, 2022; எஸ்ஏசி என்பது ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸின் சுருக்கம்). அரைஸ் வழி: 2013-14 பாகங்கள், 2015 படம். இப்போது வருவது நான்காவது. ஒரு வழிக்குள் வரிசை மாற்றாதீர்கள், வழியை விட்டு வழி தாவி அர்த்தம் தேடாதீர்கள். நிறையப் பேர் 1995 படம் முடித்த சூட்டோடு ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ் போய், 'படத்தின் முடிவில் போன மோட்டோகோ எப்படித் திரும்பி வந்தாள்' என்று குழம்புவார்கள். அந்தத் தொடரின் உலகில் கைப்பாவைக்காரன் சம்பவமே நடக்கவில்லை. அவ்வளவுதான்.

1995-ஆ 2.0-ஆ என்றால் கண்ணை மூடிக்கொண்டு 1995. 2.0 என்பது 2008இல் ஒஷீயே தொட்டுப் புதுப்பித்தது. உங்கள் கையில் இருப்பது எது என்று மூன்று இடத்தில் தெரியும். ஒன்று, தொடக்கத்தில் மொட்டைமாடியில் நிற்கும் மோட்டோகோ கையால் வரைந்தவளா, கணினி உருவமா. இரண்டு, தரவு ஓடும் திரைகளின் நிறம்: பச்சை என்றால் 1995, ஆரஞ்சு என்றால் 2.0. மூன்று, ஜப்பானிய ஒலியில் கைப்பாவைக்காரனின் குரல்: 1995இல் ஆண் குரல், 2.0-இல் யோஷிகோ சகாகிபாரா.

2.0 ஏன் ஒட்டவில்லை என்பதை அந்த முதல் காட்சியே சொல்லிவிடும். கணினி மோட்டோகோ கட்டிடத்திலிருந்து விழுகிறாள், தோல் பிளாஸ்டிக் பொம்மைபோல் மின்னுகிறது. அடுத்து வரும் காட்சிகளில் அதே மோட்டோகோ 1995-இன் செல் (கண்ணாடித் தாளில் கையால் வண்ணம் பூசியது) ஓவியம்: தட்டையான நிழல், ஃபிலிம் துகள். இரண்டுக்கும் வெளிச்சம் வரும் திசையே வேறு மாதிரி இருக்கிறது. 13 வருடத் தையல் அப்படியே தெரிகிறது. முழுதும் மாற்றியிருந்தாலும் மன்னிக்கலாம், அங்கங்கே மாற்றியதுதான் கெடுதல்.

#10 மழைக்கால மோட்டோகோ

எல்லாரும் எஸ்ஏசி 2045-ஐத் தாண்டித் தாண்டிப் போறியள். உதைப் பற்றிக் கதைக்காமல் ரீமேக் பற்றிக் கதைக்க ஏலாது.

கதையில பெரிசாப் பிழை இல்லை. கமியாமா அதே ஆள், அட்சுகோ தனாகா, அகியோ ஓட்சுகா அதே குரல், செக்ஷன் 9 (மோட்டோகோவின்ர படை) அதே ஆக்கள். அப்ப ஸ்டாஃப் லிஸ்ட்டைப் பார்த்து நம்பலாம் எண்ட நியான்மழையின்ர கொள்கை இதில விழுந்து போச்சு. லிஸ்ட் சரி, செய்யிற முறை மாறினது. முழு 3டி, மோஷன் கேப்ச்சர் (நடிகர்மாரின்ர அசைவைப் பதிஞ்சு எடுக்கிறது).

ஏன் பொம்மலாட்டம் மாதிரித் தெரியுது எண்டு கவனிச்சுப் பாருங்கோ. 2002 தொடரில ரெண்டு பேர் இருந்து கதைக்கிற காட்சியில உடம்பு அசையவே அசையாது. ஒரே படம் நிக்கும், வாய் மட்டும் ஆடும், எப்பவாவது கண் திரும்பும். அந்த அசையாமைதான் செக்ஷன் 9-இன்ர கனம். 2045-இல உடம்பைக் கேப்ச்சர் செய்ததால ஆக்கள் சும்மா நிக்கேக்கையும் தோள் ஆடுது, இடுப்பு ஆடுது, கை ஆடுது. ஆனால் முகத்துக்கு அவ்வளவு தசை குடுக்கேல்லை. கையால கீறின படத்தில உடம்பு சும்மா இருக்க முகம் கதைக்கும். இங்க உடம்பு கதைக்குது, முகம் சும்மா இருக்குது. தலைகீழ்.

தச்சிக்கோமா எண்ட ரோபோ டாங்கி மட்டும் தப்பிச்சுது, ஏனெண்டால் அது 2002-இலயே 3டிதான். அதுக்கு முகமே இல்லை.

அதே சோலா டிஜிட்டல் ஆர்ட்ஸ் ஸ்டுடியோ, அதே கமியாமா-அரமாகி சோடி 2021இல பிளேட் ரன்னர்: பிளாக் லோட்டஸும் செய்தது. அங்கயும் இதே குறைதான்.

#11 நியான்மழை

ஒப்புக்கொள்கிறேன். 'ஸ்டாஃப் லிஸ்ட்டும், எந்த முறையில் எடுக்கிறார்கள் என்பதும்' என்று திருத்திக்கொள்கிறேன். ஆனால் லிஸ்ட்டை முழுதாகப் படித்திருந்தால் அதிலேயே எச்சரிக்கை இருந்தது: சக இயக்குநர் ஷின்ஜி அரமாகி. 2004 ஆப்பிள்சீட் காலத்திலிருந்து அவர் வழியே 3டிதான்.

இன்னொன்று. அட்சுகோ தனாகா 2024 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். 1995 முதல் மோட்டோகோ என்றால் பலருக்கும் அந்தக் குரல்தான். குரலை வைத்துப் புதுத் தொடரை அடிக்க நினைப்பவர்கள், அரைஸில் மாயா சகமோட்டோ வந்தபோதும் இதே கூச்சல் இருந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1995 படத்தின் கடைசியில் சிறுமி உடம்பிலிருந்து பேசும் மோட்டோகோவின் குரலும் சகமோட்டோதான். அந்தத் தேர்வுக்கு ஒரு நியாயம் இருந்தது.

#12 பழைய லேசர்டிஸ்க்

அகிராவுக்கு வருவோம். 'படமே இருக்கிறது, மறுபடி எதற்கு' என்பவர்களுக்கு.

1988 படம் எடுக்கும்போது மங்கா முடியவில்லை. 1982இல் யங் மேகசினில் தொடங்கி 1990இல்தான் முடிந்தது. 6 தொகுதி, 2,000 பக்கத்துக்கு மேல். படத்தில் அகிரா என்பது கண்ணாடிக் குடுவைகளில் மிதக்கும் உறுப்புகள். மங்காவில் அகிரா உயிரோடு இருக்கும் சிறுவன், மூன்றாம் தொகுதி முடிவில் நியோ-டோக்கியோவைத் தரைமட்டம் ஆக்குபவன். நான்காம் தொகுதியிலிருந்து இடிபாடுகளில், அபூர்வ சக்தி பெற்ற இளைஞன் டெட்சுவோ நடத்தும் பேரரசு. மியாகோ அம்மையார் படத்தில் தெருச்சாமியார் அளவுக்குக் குறுகிப்போனார், மங்காவில் அவர் கதையின் தூண். ஆக, பாதிக்கு மேல் இதுவரை அசைந்தே பார்க்காத கதை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்: 2,000 பக்கத்தை 26 எபிசோடில் வகுத்தால் எபிசோடுக்கு 77 பக்கம். சாதாரண வார மங்காவிலிருந்து எபிசோடுக்கு 55 முதல் 75 பக்கம் போகும். அகிராவில் பேச்சு குறைவு என்பதால் 77 தாராளமாக ஓடும். நேரக் கணக்கில் இரண்டு கோர் (ஒரு கோர் 13 எபிசோடு போல) போதும்.

#13 பிரேம்24

நேரக் கணக்கு சரி. கை கணக்கில்தான் உதைக்கும். ஒட்டோமோ பத்துப் பக்கம் தொடர்ந்து வசனமே இல்லாமல் கட்டிடம் சரிவதை வரைந்திருப்பார். வாசகன் அதை இருபது வினாடியில் புரட்டிவிடுவான். அதை அசைக்கப்போகும் ஆளுக்கு அது இரண்டு மாத வேலை. ஒவ்வொரு கண்ணாடிச் சில்லும், கம்பி நீட்டிய கான்கிரீட் துண்டும் தன் போக்கில் சுழன்று விழ வேண்டும். பேச்சுக் காட்சியில் வாய்க்கு மூன்று படம் வைத்து ஓட்டலாம். இடிபாட்டுக்கு அப்படிக் குறுக்குவழி கிடையாது. 1988 படம் 124 நிமிடத்துக்கு 1,60,000-க்கு மேல் செல் தின்றது இதனால்தான். போதாததற்கு அதில் குரலை முதலில் பதிவு செய்து அதற்கு வாயைப் பொருத்தினார்கள்.

ஆக, 4 முதல் 6 வரையான தொகுதிகள் டிவி அட்டவணைக்கு அடங்காது. 3டி இடிபாடு, 2டி ஆள் என்றுதான் போவார்கள் என்பது என் ஊகம். ஒட்டோமோ சன்ரைஸோடு செய்த ஸ்டீம்பாயும் (2004) இரண்டும் கலந்ததுதான். அது முடியப் பத்து வருடம் போல ஆனது. அதனால் அகிராவுக்கு 2019 முதல் எண்ணிக்கொண்டு பதறுவதில் அர்த்தமில்லை.

ஹாலிவுட் அகிராவைக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: வார்னர் 2002இல் உரிமை வாங்கியது, 2021 மே என்று தேதிகூடக் குறித்தது, 2019 ஜூலையில் நிறுத்தியது, 2025இல் உரிமை மங்காவின் பதிப்பகமான கோடான்ஷாவுக்கே திரும்பிவிட்டது. விடுங்கள்.

#14 செல்லுலாய்டு சித்தன்

ரீமேக்கில் எனக்கு ஒரே ஒரு கவலை: பைக்கின் பின்விளக்கு.

1988 படத்தில் நாயகன் கனேடாவின் கும்பல் திரும்பும்போது சிவப்பு வெளிச்சம் கோடாக நின்று மெதுவாக அடங்குமே, அது வண்ணம் பூசியது அல்ல. வெளிச்சம் வர வேண்டிய இடத்தை மட்டும் வெட்டித் திறந்துவைத்த கறுப்பு மறைப்பைக் கேமராவுக்கு அடியில் வைத்து, கீழிருந்து நிஜமான விளக்கை நிறத்தாள் வழியாக அடித்து, அதே ஃபிலிமில் இரண்டாவது முறை பதிவு செய்வார்கள். வெளிச்சம் ஃபிலிமைச் சுடுவதால் கோட்டின் நடு வெள்ளையாக வெந்து, ஓரத்தில்தான் சிவப்பு கசியும். அந்தக் கசிவைத் தாண்டி வெளிச்சம் அதிகம் பரவாது. பக்கத்தில் இருக்கும் கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

இன்றைக்குக் கம்பாசிட்டில் அதே வேலைக்கு விளக்கின் லேயரைப் பிரதி எடுத்து, கலைத்து (மங்கலாக்கி), மேலே கூட்டிப் போடுகிறார்கள். அது சுற்றியுள்ள எல்லாவற்றின் மேலும் மெல்லிய பனிபோல் படியும். கறுப்பு சாம்பலாகும், கோடு மழுங்கும். ஒரு காட்சியில் அழகு. ஊர் முழுக்க நியான் இருக்கும் கதையில் எபிசோடு முழுக்கப் பனிமூட்டம். சரியாகச் செய்ய வழி இல்லாமல் இல்லை: கலைப்பதற்கு முன் வெளிச்சத்தின் நடுவை வெள்ளைக்கு ஏற்றி, கலைத்த பின் ஆளின் வடிவத்தை வைத்து மறைப்புப் போட்டு, கறுப்பைத் தனியாகப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் செய்ய வேண்டும், நேரம்தான் இல்லை.

டீசரை நிறுத்தி விளக்குக்குப் பக்கத்துக் கறுப்பைப் பாருங்கள். அது கறுப்பா சாம்பலா என்பதிலேயே அட்டவணை எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும்.

#15 புதுச்செருகி

இதைப் படித்துவிட்டு அகிரா 4கே பார்க்கலாம் என்றிருக்கிறேன். டிவியில் ஏதாவது மாற்ற வேண்டுமா? அனிமே போட்டால் அசைவு வழுக்கி வழுக்கி, நடுவில் நின்று நின்று போகிறது.

#16 செல்லுலாய்டு சித்தன்

டிவி நடுவில் பிரேம் செருகுகிறது. சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்ற பெயரில் இருக்கும். முழுதாக அணையுங்கள். 'குறைவு' என்று வைப்பதும் வேண்டாம்.

ஏன் என்றால் வினாடிக்கு 24 பிரேம் ஓடினாலும் அனிமேயில் பெரும்பாலும் 12 படமோ 8 படமோதான் புதிது, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பிரேம் நிற்கும். நிற்கும் இரண்டு பிரேமுக்கு நடுவே டிவிக்குச் செருக ஒன்றும் இல்லை, சும்மா விடும். மூன்றாவது பிரேமில் புதுப்படம் வந்ததும் நடுப்படங்களைத் தானே கற்பனை செய்யும். அதனால்தான் வழுக்கல், நிறுத்தம், வழுக்கல். முகத்தைச் சுற்றிக் கோடு ரப்பர்போல் இழுபடுவதும் இந்தக் கற்பனைதான்.

பிறகு நாய்ஸ் ரிடக்ஷன் இரண்டு இருக்கும், இரண்டையும் அணையுங்கள். 2020 அகிரா 4கே 35 மிமீ ஃபிலிமிலிருந்து ஸ்கேன் செய்தது. துகளை அழுக்கு என்று நினைத்து டிவி துடைக்கும்போது நெருக்கமான பின்னணி ஓவியத்தின் நுணுக்கமும் சேர்ந்து போகும். ஷார்ப்னஸ் கீழே இறக்குங்கள், ஆனால் சோனியில் 50-தான் நடுநிலை, பூஜ்யத்துக்குப் போனால் மங்கிவிடும். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் இதில் பெரும்பாலானதை ஒரே சொடுக்கில் செய்துவிடும்.

சரிபார்க்க: பைக் துரத்தலில் கட்டிட ஜன்னல்களைப் பாருங்கள். கேமரா நகரும்போது ஜன்னல் சட்டங்கள் நெளிந்தால் இன்னும் எங்கோ ஒரு சுவிட்ச் பாக்கி.

#17 சாண்டெவிஸ்தான் சாமி

பிரேம்24, உங்க 'அனிமேஷன் டைரக்டர் எண்ணிக்கை' பந்தயத்துக்கு நான் வர்றேன். ரெண்டாம் பாகத்துல முதல் மூணு எபிசோடும் மூணு பேருக்குள்ள முடிஞ்சா, இந்த இழையில நான் எழுதின #2-ஐ வாபஸ் வாங்கிக்கறேன். அஞ்சைத் தாண்டினா நீங்க பபுள்கம் கிரைசிஸ் 2040 இருபத்தாறு எபிசோடும் பார்த்து விமர்சனம் எழுதணும்.

#18 பிரேம்24

டீல். ஓவிஏ எட்டும் சேர்த்தே எழுதுகிறேன், அதில் பாட்டாவது இருக்கிறது.